மூணு பானை மாடத்தி

ஒரு ஊர்ல மாடத்தி மாடத்தின்னு ஒருத்தி இருந்தாளாம். அவளுக்கு ஒரு கைக்குழந்தை, ஒரு ஓலைக்குடிசை. மழை வந்தா குடிசை மூணு இடத்துல ஒழுகும். அடுப்புகிட்ட ஒரு பானை வைப்பா, வாசப்படியில ஒரு பானை வைப்பா, தொட்டிலை நகத்திட்டு அங்க ஒரு பானை வைப்பா. "ஊருக்கெல்லாம் வெளியில மழை, எனக்கு மட்டும் உள்ளயும் மழை"ன்னு பொலம்புவா. அரை வயித்துக் கஞ்சியில தாய்ப்பாலும் வத்திப்போச்சு. பிள்ளை பாலுக்கு அழுதுக்கிட்டே கெடந்துச்சு.

அப்ப ராஜா தண்டோரா போட்டாராம். "யாருக்குப் பெரிய கஷ்டமோ வந்து சொல்லுங்க, அவங்களுக்குக் கறவை மாடு!"

"கஷ்டத்துல என்னை யாரு ஜெயிக்கிறது?"ன்னு மாடத்தி பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, சாட்சிக்கு மூணு பானையையும் தலையில அடுக்கிக்கிட்டுக் கிளம்பிட்டா. நீ வாயைத் திற, இந்தச் சோத்தை வாங்கிக்க, அப்பத்தான் அவ நடப்பா.

போறா, போறா, போறா. ஒரு கிழவர் மாட்டுவண்டிக்கு அடியில படுத்திருந்தார்.

"எங்க தாயி போற?"

"என் வீடு ஒழுகுது தாத்தா, ராஜாகிட்ட சொல்லப் போறேன்."

"ஒழுகுறதுக்கு வீடு இருக்கா உனக்கு! எனக்கு இந்த வண்டிதான் கூரை. வண்டிக்காரன் ஓட்டிட்டான்னா கூரை பின்னாலயே ஓடணும்."

மாடத்தி ஒரு பானையை அவர்கிட்ட குடுத்துட்டு நடந்தா. அப்புறம் ஒரு அக்கா மூணு பிள்ளைங்களுக்கு ஒரே கொட்டாங்குச்சியில கஞ்சி ஊத்திக்கிட்டு இருந்தா. ஒண்ணு குடிக்கும், மத்த ரெண்டும் அதோட வாயையே பாக்கும். மாடத்தி அவளுக்கும் ஒரு பானையைக் குடுத்துட்டா.

அரமனை வாசல்ல, வெள்ளையம்மாள்னு ஒருத்தி மகளோட நின்னுக்கிட்டு இருந்தா. மாடத்தி சொன்னதைக் கேட்டு, "வீட்டுக்குள்ளயே மழையா!"ன்னு வாயைப் பொளந்தா. "எங்க ஊர்ல வெளியிலயே மழை இல்லையே தங்கச்சி. நாலு வருசமாச்சு. மழை கறுப்பா வெள்ளையான்னு இவ கேக்குறா." அந்தப் பொண்ணு மிச்சமிருந்த பானைக்குள்ள தலையை விட்டு மோந்து மோந்து பாத்துச்சு.

சபையில முதல்ல நின்னது யாருங்கிற? கிழிஞ்ச சாக்கைக் கட்டிக்கிட்டு, மாடத்தி ஊர்ப் பண்ணையார்! "எனக்கு வீடில்ல, வயலில்ல, மாடில்ல ராஜா, மரத்தடியில படுக்குறேன்"னு ஓன்னு அழுதார்.

மாடத்தி வெகுளி, அப்படியே நம்பிட்டா. "ஐயோ பண்ணையாரய்யா! நேத்து நல்லாத்தானே இருந்தீங்க? அந்தப் பெரிய ஓட்டு வீடு, ஏரிக்கரை வயலு, இருபது மாடு எல்லாம் என்னாச்சு?"

"இவ யாருன்னே தெரியாது ராஜா!"

ராஜா மீசையைத் தடவிக்கிட்டார். "அப்ப ஓட்டு வீடு உன்னுது இல்ல?" "இல்ல ராஜா." "வயலு?" "இல்ல ராஜா." "இருபது மாடு?" "இல்லவே இல்ல ராஜா."

"சரி. உன் கஷ்டம் என்னம்மா?"

மாடத்தி பிள்ளையைப் பாத்தா. பிள்ளை விரலைச் சப்பிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் பக்கத்துல நின்ன வெள்ளையம்மாளைப் பாத்தா. "எனக்குக் கூரையும் இருக்கு, மழையும் இருக்கு ராஜா. மாட்டை இந்த அக்காவுக்குக் குடுங்க. வழியில இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க, அவங்களையும் பாருங்க."

ராஜா சொன்னார்: "கறவை மாடு வெள்ளையம்மாளுக்கு. சொந்தக்காரன் இல்லாத அந்த வீடும் வயலும் வெள்ளையம்மாள் ஊர்க்காரங்களுக்கும் வழியில இருக்குறவங்களுக்கும். இருபது மாட்டுல ரெண்டு மாடத்திக்கு."

"ஐயோ என் வீடு!"ன்னு பண்ணையார் கத்தினார்.

"யாரு வீடு?"ன்னார் ராஜா. "மரத்தடியிலதானே படுக்குற? நல்ல புளியமரமாப் பாத்து எடுத்துக்க."

அடுத்த மழைக்குள்ள மாடத்தி ரெண்டு ஓட்டையை ஓலை வச்சு அடைச்சுட்டா. மூணாவதை விட்டுட்டா. மழை வந்ததும் வெள்ளையம்மாள் மக அந்த ஓட்டு வீட்டுலேருந்து ஓடியாந்து பானைகிட்ட குந்திக்கிட்டு, "அத்தை, மழை கறுப்புமில்ல, வெள்ளையுமில்ல!"ன்னு கை தட்டுச்சாம். மாடத்தி பிள்ளை வயிறு முட்டப் பால் குடிச்சுட்டுத் தூங்குச்சாம். புளியமரத்தடியில ஒருத்தர் மட்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சாராம்.

பானையும் நெறைஞ்சுது, பாலும் பொங்குச்சு, உன் தட்டும் காலியாச்சு. போ, கையைக் கழுவு.