ஏற்றும் முன்பே முனகும் ஒட்டகம்

அந்தக் காலத்தில் ஒட்டகங்கள் பேசும். முதுகில் மூட்டை ஏறும் முன், "இது என்ன?" என்று கேட்கும். ஓட்டுகிறவன் உள்ளதைச் சொல்ல வேண்டும். பிடித்தால் எழும். பிடிக்காவிட்டால் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.

நைஜர் ஆற்றங்கரையில் அப்போது ஒரு ராஜா இருந்தார். அவருடைய குதிரைக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிகூடப் பொன். பணம் பாதாளம் வரை பாயும் என்பார்கள். இவருடைய பொன் பாதாளத்திலிருந்தே வந்தது. ஆழமான குழிகளில் ஆட்களை இறக்கித் தோண்ட வைத்தார். மண் சரிந்து ஆள் புதைந்தால், பொன்னை மட்டும் அள்ளிக்கொண்டு குழியை மூடிவிடுவார்கள்.

தன் செல்வத்தை வடக்குத் தேசங்களுக்குக் காட்ட ராஜாவுக்கு ஆசை வந்தது. நூறு ஒட்டகச் சுமை பொன் பாலைவனத்தைத் தாண்ட வேண்டும். ஆனால் குழிப்பொன் என்றால் ஒரு ஒட்டகமும் எழவில்லை. ஏன் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன. "உப்புன்னு சொல்லி ஏத்துங்க" என்றான் படைத்தலைவன்.

ஒட்டகம் ஓட்டும் பாமோரிக்குப் பொய் வராது. ஆனால் குழியில் தோண்ட இறக்கிய ஆட்களில் அவன் தம்பி சேக்குவும் ஒருவன். பொன் வடக்கே போய்ச் சேர்ந்தால் சேக்குவை விட்டுவிடுவதாகப் படைத்தலைவன் வாக்குக் கொடுத்திருந்தான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான். பாமோரி பொய்க்கும் அஞ்சவில்லை.

"என்ன மூட்டை?" என்றது அவனுடைய பெட்டை ஒட்டகம். குட்டியிலிருந்து அவன் வளர்த்தது.

"உப்புதான், தாயி."

நம்பி எழுந்தது.

மூன்றாம் நாள் பிற்பகலில் அது நடையைத் தளர்த்தியது. "பாமோரி, என் மேல ஏறினது யாரு?"

"யாரும் ஏறலையே."

"உக்காந்திருக்கானே."

பாமோரி நிமிர்ந்து பார்த்தான். மூட்டைகளும் கயிறும்தான் இருந்தன. பிறகு மணலைப் பார்த்தான். ஒட்டகத்தின் நீண்ட நிழலில், மூட்டைகளுக்கு மேலே ஒரு தலை இருந்தது. முன்னால் போன நிழல்களிலும் தலைகள் இருந்தன. வரிசை நெடுக ஒட்டகங்கள் ஒவ்வொன்றாக அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கின.

"எப்படி இருக்கான்?" என்று கேட்டான். கேட்டிருக்க வேண்டாம்.

"வாய் நிறைய மண்ணு. இடது கையில ரெண்டு விரல் இல்ல."

சிறுவயதில் விறகு பிளக்கும்போது பாமோரியின் கோடரி பட்டுப் போன விரல்கள் அவை. அவனுக்கு அழக்கூட வரவில்லை. வாக்குக் கொடுத்த அன்றே சேக்கு மண்ணுக்குள் இருந்திருக்கிறான்.

ஒட்டகத்தை மண்டியிட வைத்துக் கயிறுகளை அறுத்தான். மூட்டைகள் உருண்டு பொன் மணலில் கொட்டியது. யாரும் அதைத் தொடவில்லை.

"இறங்கிட்டானா, தாயி?"

"இல்ல. மூட்டை மேல இல்ல அவன். என் மேல இருக்கான்." ஒட்டகம் கழுத்தைத் திருப்பித் தன் வெறும் முதுகைப் பார்த்தது. "உப்புன்னு சொன்னது யாருன்னு கேக்கிறான். என்ன சொல்லட்டும்?"

பாமோரி அறுந்த கயிற்றைக் கையில் சுருட்டினான். ஒட்டகம் வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தது. அதற்குப் பிறகு எந்த ஒட்டகமும் மனிதனோடு பேசவில்லை.

அன்று முதல்தான், வெறும் சேணத்தோடு கிட்டே போனாலும், அது மேலே படுவதற்கு முன்பே ஒட்டகம் திரும்பித் தன் முதுகைப் பார்த்து முனகுகிறது.