தலைப்புக்குக் கீழே ஒரு வரி

“உங்க கோடிங் என் மானத்தை வாங்கிடுச்சு, டீச்சர்,” என்றார் சிவக்கொழுந்து.

மடிக்கணினியை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பதைவிட, போட்டார் என்பதே சரி.

ஃபர்ஹானாவுக்கு அவருடைய மகள் வயது. வலைப்பூ நடத்துகிறவர்களுக்கு நிரல் சொல்லிக்கொடுப்பவள். பதிவின் தலைப்புக்குக் கீழேயே அதன் வகையும் தெரியவேண்டும் என்று இவர் நச்சரித்ததால், முந்தின நாள்தான் அவருடைய வலைப்பூவின் வடிவமைப்பு நிரலில் ஒரு வரி சேர்த்துக் கொடுத்திருந்தாள். இன்று அதே வரிக்காகச் சண்டைக்கு வந்திருக்கிறார்.

விஷயம் இதுதான். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மகளோடு அவர் பேசி வருஷக்கணக்காகிறது. பேரன் பிறந்த செய்தி காதில் விழுந்ததும் மனுஷன் கரைந்துபோய் ஒரு பதிவு எழுதினார். இன்று காலை அதைப் பார்த்துவிட்டு மகளே போன் செய்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள், வைத்துவிட்டாள்.

“‘நாங்க மற்றவையாப்பா?’ன்னு கேக்குறா. பேரன் பதிவுக்குக் கீழ உங்க வரி அப்படித்தான் காட்டுது.”

ஃபர்ஹானா பக்கத்தை மெல்லக் கீழே உருட்டினாள்.

தோட்டத்து மோட்டார் ரிப்பேர். வகை: குடும்பம்.

எதிர்வீட்டு நாய். வகை: குடும்பம்.

பேரன். வகை: மற்றவை.

சிவக்கொழுந்துக்கு எரிச்சல் தலைக்கேறியது. கோளாறு கண்ணெதிரே தெரிகிறது, இந்தப் பெண் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாளே.

“நான் அதுக்கு மற்றவைன்னு போடவே இல்ல.”

“வேற என்ன போட்டீங்க சார்?”

“ஒண்ணும் போடல.”

“ஒண்ணும் போடாததெல்லாம் மற்றவையில போய் விழும்.”

நாய்க்குக்கூட யோசிக்காமல் டிக் அடித்த கை, அந்தப் பதிவில் மட்டும் ஏன் நின்றது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது அவர் சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

“அப்ப அந்த வரியையே எடுத்துடுங்க,” என்றார் கடுப்பாக.

“தாராளமா. ஒரு நிமிஷ வேலை.”

நிரலைத் திறந்தாள். அந்த வரியைத் தேர்ந்தெடுத்தாள். அழிக்கும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“இதை எடுத்துட்டா, எது எந்த வகைன்னு யாருக்கும் தெரியாது சார்.”

சிவக்கொழுந்து அவள் கையைத் தடுத்தார்.

“அவளுக்குத் தெரியுமே,” என்றார்.

மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பேரன் பதிவின் வகைப் பட்டியலைத் திறந்தார்.