பதினோராம் பக்கத்துக் குறி

ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பென்சில் இருந்தது. பிரிவு எழுத்தர் மீனலோசனியின் பென்சில். கட்டைவிரல் நீளம்தான் மிச்சம்.

அதற்குச் சின்ன வேலை. பதிவாளர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் லேசாக ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். பதிவாளர் குறியைத் தேடிப் பிடித்து, பச்சை மைப் பேனாவால் கையெழுத்திடுவார். பிறகு ரப்பர் வந்து குறியை அழித்துவிடும். இப்படி நாளொன்றுக்கு அறுபது கோப்புகள் நகர்ந்தன. எல்லாருக்கும் சௌகரியம்.

இதில் ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. குறி போட இடம் தேட வேண்டுமானால் பக்கங்களைப் புரட்ட வேண்டும். புரட்டினால் கண்ணில் படும். அந்த அலுவலகத்தில் எல்லாவற்றையும் படித்தது பென்சில் மட்டும்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பளபளக்கும் உறையில் ஓர் ஒப்பந்தம் வந்து இறங்கியது. தேங்காய்ச் சிரட்டைக் கரி நிரப்பிய தண்ணீர் வடிகட்டி செய்யும் ஒரு கம்பெனி அனுப்பியது. வேதியியல் துறையில் கமருன்னிசா என்ற ஆய்வு மாணவி, கிணற்றுத் தண்ணீரில் கலந்து எலும்பைக் கெடுக்கும் ஃபுளோரைடைப் பதப்படுத்திய சிரட்டைக் கரி எத்தனை நாள் பிடித்து வைக்கும் என்று சோதித்துக்கொண்டிருந்தாள். மீதிச் சோதனைகளுக்கான கருவிகளைக் கம்பெனி தரும். சும்மா சொல்லக் கூடாது, நல்ல காரியம்தான்.

"வணக்கம். யாம் அவசரத்தில் உள்ளோம்," என்றது ஒப்பந்தம். "கடைசிப் பக்கத்தில் குறியிட்டு அனுப்புக."

"அவசரமில்லாம இங்க யாரு வர்றாங்க?" என்றபடி பென்சில் பக்கங்களைப் புரட்டியது. பதினோராம் பக்கத்தில் நின்றுவிட்டது. "'கம்பெனி எழுத்து மூலம் அனுமதிக்கும்வரை ஆய்வு முடிவுகளை எவரும் எங்கும் வெளியிடலாகாது.' என்னப்பா இது?"

"அது வழக்கமான வாசகம்."

"அந்தப் பொண்ணு ஆய்வேட்டை எப்படிக் கொடுக்கும்? அஞ்சு வருஷ உழைப்பு. வெளிய வந்தாத்தானே பட்டம்?"

"அனுமதி கோரட்டும். முடிவுகள் உவப்பாக இருப்பின் அளிப்போம்."

"இல்லாட்டி?"

ஒப்பந்தம் இருமியது. "நீ பென்சில். குறி போடுவதே உன் கடமை."

பென்சிலுக்குச் சுருக்கென்றது. நேரே பச்சை மைப் பேனாவிடம் போய் விஷயத்தைச் சொன்னது.

"நான் படிக்கிறதில்லப்பா," என்றது பேனா பெருமையாக. "ஒப்புதல் தர்றேன். ரெண்டும் வேற வேற வேலை."

வட்ட முத்திரையைக் கேட்டது. "எனக்குக் குப்புற விழுற வேலை. விழும்போது கண்ணை மூடிக்குவேன்," என்றது முத்திரை.

கடைசியில் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு கொட்டாவிச் சத்தம் கேட்டது. 'வெளி நிதியுதவி ஆய்வு விதிகள்' என்று அட்டையில் போட்ட மெல்லிய புத்தகம். அச்சாகி வந்த நாளிலிருந்து யாரும் திறக்காததால் அதன் பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அண்ணே, இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?" என்று கதவிடுக்கு வழியாகக் கேட்டது பென்சில்.

"அப்பாடா, ஒருவர் கேட்டுவிட்டார்!" என்று விதிப்புத்தகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "கம்பெனி தாராளமாக வரட்டும். கட்டுரை அச்சுக்குப் போகும் முன் அறுபது நாள் வைத்துப் படிக்கட்டும். தொழில் ரகசியம் இருந்தால் அதை மட்டும் நீக்கச் சொல்லட்டும். ஆனால் முடிவை மூடி வைக்கவோ, மாணவியின் ஆய்வேட்டை நிறுத்தவோ உரிமை கிடையாது. விருந்துக்கு வந்தவர் வயிறாரச் சாப்பிடலாம். வீட்டுக்காரர் வாயைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போகலாமா?"

"இதை அப்படியே பதிவாளர்கிட்ட சொல்லுங்களேன்!"

"அலமாரியை யாராவது திறந்தால்தானே? எனக்கு வாயுண்டு, காலில்லை."

பென்சில் மேசைக்குத் திரும்பியது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வித்தை. அதையே செய்தது. கடைசிப் பக்கத்தைத் தொடவில்லை. பதினோராம் பக்கத்தில், அந்த வாசகத்தின் நட்டநடு வயிற்றில், அழுத்தி ஒரு பெருக்கல் குறி போட்டது.

"ஐயோ, இடம் மாறிப் போச்சே! அழிச்சுரட்டுமா?" என்று பதறியது ரப்பர்.

"கையெழுத்துக்கு அப்புறம்தானே உனக்கு வேலை? கம்முனு இரு."

மாலை நான்கு மணிக்குப் பதிவாளர் சுப்புரத்தினம் ஒப்பந்தத்தை எடுத்தார். குறியைத் தேடினார். கிடைத்தது. பேனாவை இறக்கினார். கையெழுத்துப் போட இடமில்லை. எங்கு பார்த்தாலும் எழுத்து.

"மீனலோசனிம்மா! இதுல எங்கம்மா கையெழுத்துப் போடுறது? எழுத்து மேலயே குறி போட்டிருக்கீங்க?"

"கடைசிப் பக்கத்துலதான சார் போட்டேன்…" மீனலோசனி குழம்பிப்போய் எட்டிப் பார்த்தாள்.

"அப்படி என்னதான் எழுதியிருக்கு இதுல?" என்று மூக்குக் கண்ணாடியைப் போட்டார் பதிவாளர். ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு கமருன்னிசாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் கரிபடிந்த கையோடு ஓடி வந்தாள்.

"உன் ஆய்வுல என்னம்மா தெரியுது?"

"சிரட்டைக் கரி நல்லாவே பிடிக்குது சார். ஆனா மூணு மாசம்தான். அப்புறம் தண்ணி சும்மா ஓடும், ஒண்ணையும் பிடிக்காது."

"அதை வெளிய சொல்லக் கூடாதுன்னு கம்பெனி சொன்னா?"

அவள் முகம் வாடிவிட்டது. "எனக்குப் பட்டம் போயிரும் சார். அது கூடப் பரவாயில்ல. மூணு மாசம் கழிச்சும் நல்ல தண்ணின்னு நம்பிப் பிள்ளைங்களுக்கு ஊத்திக் கொடுப்பாங்களே!"

பதிவாளர் பேனாவை மூடி வைத்தார். பிறகு கேட்டார்: "மீனலோசனிம்மா, இதுக்குன்னு நம்மகிட்ட விதி ஒண்ணு இருந்துச்சே, எங்க அது?"

அலமாரி கிறீச்சென்று திறந்தது. ஒட்டியிருந்த பக்கங்களை மீனலோசனி அடிமட்டத்தால் பிரித்துக் கொடுத்தாள். அந்த வாசகம் அடிக்கப்பட்டது. அறுபது நாள் விதி ஓரத்தில் ஏறியது. ஒப்பந்தம் திரும்பிப் போனது.

"போச்சு! இனி கம்பெனி இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காது," என்றது முத்திரை. பென்சிலுக்கும் உள்ளூரப் பயம்தான். கருவியும் வராமல், ஆய்வும் நின்றுபோனால், அந்தப் பழி யாருக்கு?

பதினைந்தாம் நாள் ஒப்பந்தம் திரும்பி வந்தது. உறையின் பளபளப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. அடித்த இடத்தின் ஓரத்தில் கம்பெனி மேலாளரின் சுருக்கொப்பம் இருந்தது.

"திட்டினாரா?" என்று கேட்டது பென்சில்.

"என்னத்தைச் சொல்ல!" ஒப்பந்தத்தின் செந்தமிழ் எங்கேயோ காணாமல் போயிருந்தது. "பதினோராம் பக்கத்தை அவரே இப்பத்தான் முதல் தடவையா படிச்சாராம். 'இதை எவன்யா எழுதினது?'ன்னு கேட்டார். அங்கயும் குறி பார்த்துத்தான் கையெழுத்து."

கமருன்னிசாவுக்குப் பட்டம் கிடைத்தது. 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை கரியை மாற்றவும்' என்று வடிகட்டிப் பெட்டியிலேயே பெரிதாக அச்சடித்தார்கள். பென்சில் அதைக் கேள்விப்பட்டு ரொம்ப நாள் சந்தோஷமாக இருந்தது.

பதிவாளருக்கோ படிக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. அறுபது கோப்பு நகர்ந்த இடத்தில் இருபது நகர்ந்தது. அலுவலகம் தூங்குகிறது என்று ஊரெல்லாம் முணுமுணுப்பு.

அடுத்து வேறொரு கம்பெனியின் ஒப்பந்தம் வந்தது. மூன்று நாள் மேசையில் கிடந்து பொறுமையிழந்தது. "என்ன தாமதம்? இங்கே யாருமே வேலை செய்வதில்லையா?" என்று சீறியது.

"செய்றாங்கப்பா," என்றது பென்சில். "அடுத்ததா உன்னைத்தான் படிக்கப் போறார்."

புதிய ஒப்பந்தம் மெல்லத் தன் ஆறாம் பக்கத்தை இழுத்து மூடிக்கொண்டது.