சாரைக்குக் கட்டிய படம்

மலையடிவாரக் காடு ஒன்றில் ஒரு சாரைப்பாம்பு இருந்தது, குழந்தைகளே. சாரைக்கு விஷம் கிடையாது, எலி பிடித்துத் தின்று பிழைக்கும். புற்றுக்குள் முட்டையிட்டிருந்த அதற்கு ஒரே கவலைதான்: குஞ்சு பொரியும்வரை யாரும் தன்னைத் துரத்திவிடக் கூடாது.

அந்த ஆண்டு யானைத் தலைவர் ஒரு விழா அறிவித்தார். "எல்லா இனமும் மேடை ஏறட்டும். அவரவர் பெருமையைக் காட்டட்டும்!"

விழாவில் கலந்துகொண்டால் தன்னையும் நம்மவள் என்று நினைப்பார்களே என்று சாரைக்கு ஆசை வந்தது. விழாவை நடத்திய குரங்கிடம் போய், "நான் நன்றாக நீந்துவேன் அண்ணா, அதைக் காட்டட்டுமா?" என்று கேட்டது.

"நீச்சலா? அதைத்தான் தவளை காட்டுகிறதே! பாம்பு என்றால் படமெடுத்துச் சீற வேண்டாமா?"

"எனக்குப் படமும் இல்லை, விஷமும் இல்லையே."

"அட, சும்மா நடிப்புதானே!" என்ற குரங்கு, சாரையின் கழுத்தில் தேக்கிலை ஒன்றைப் படம்போலக் கட்டியது. வாயோரம் ஆலம்பாலைத் தடவி, "இதுதான் விஷம்" என்றது.

சாரைக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் முட்டைகளை நினைத்து மேடையேறிச் சீறியது. குரங்கு கடிபட்டதுபோல விழுந்து புரண்டது. அடேயப்பா, என்ன ஆரவாரம்! "எத்தனை இனம், எத்தனை குணம்! இதுதான் நம் காட்டின் பெருமை!" என்று யானை மாலை போட்டது. சாரைக்கும் உள்ளம் குளிர்ந்துபோனது.

சில நாளில், ஓடைக்கரைச் சருகுக்குள் கிடந்த விரியன் ஒன்று மான்குட்டியைக் கடித்துவிட்டது. குட்டி வாயில் நுரை தள்ளிச் செத்தது. விரியனை யாரும் பார்க்கவில்லை.

"பாம்புதான் கடித்திருக்கிறது!" என்று அலறியது தாய்மான். அவ்வளவுதான், காடே புற்றைச் சூழ்ந்துகொண்டது.

"நான் இல்லை! எனக்கு விஷமே கிடையாது!" என்று சாரை கதறியது.

"பொய்! மேடையில் நாங்களே பார்த்தோமே!"

"அது நடிப்பு. அண்ணா, நீங்களாவது சொல்லுங்கள்!"

குரங்கு கூட்டத்தைப் பார்த்தது. யானையின் முகத்தையும் பார்த்தது. "இலையைத்தான் நான் கட்டினேன். சீறியது நீதானே?" என்று சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டது.

"என் வாயைப் பாருங்கள், விஷப்பல்லே இல்லை!" என்று சாரை வாயை அகலத் திறந்தது.

"ஐயோ, கடிக்க வருகிறது!" என்று கூட்டம் அலறியது.

சாரை ஓடியிருக்கலாம், குழந்தைகளே. ஓடவில்லை. புற்றுக்குள் நுழைந்து முட்டைகளைச் சுற்றிக்கொண்டது. யானை காலைத் தூக்கி ஓங்கி மிதித்தது. புற்று மண்ணோடு மண்ணானது.

திரும்பிப் போகும் வழியில் யானை பெருமூச்சு விட்டது. "பாவம், எவ்வளவு அழகாகச் சீறியது!"

அன்று மாலையே ஓடைக்கரையில் இன்னொரு மான்குட்டி செத்துக் கிடந்தது.

நீதி: பாராட்டுகிறோம் என்று சொல்லி ஓர் இனத்துக்கு வேடம் கட்டாதீர்கள்; ஆபத்து வரும் நாளில் ஊர் அந்த வேடத்தைத்தான் நம்பும்.