பின்சீட்டுக்கு வைத்த வணக்கம்

வில்லாக் குடியிருப்பின் தலைவர் ஆளவந்தாருக்குத் தன் வீட்டுச் சமையல்காரி செங்கமலத்தைக் கண்டாலே வயிறு எரியும். கப்பல் மாதிரி புதுக் கார் வாங்கியிருக்கிறார், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவளோ பஸ்ஸை விட்டு இறங்கிக் கைவீசி நடந்து வருகிறாள், வீட்டுக்கு வீடு வாசலுக்கே வந்து, "வாங்கக்கா, நல்லாருக்கீங்களா?" என்கிறார்கள்! அவர் மனைவிகூட, "அவ நடையப் பாருங்க. உங்களுக்கு மாடி ஏறவே மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டாள்.

பொறுப்பாரா மனுஷர்? நடந்து வருகிறவர்களுக்கான சின்னக் கேட்டைப் பூட்டினார். மறுநாள் காலையில் செங்கமலத்தைத் தாமே நின்று மறித்தார்.

"நம்ம ஸ்டிக்கர் ஒட்டின கார்ல வந்தாத்தான் இனிமே உள்ளே விடுவோம். பாதுகாப்பு!"

"யார் காரா இருந்தாலும் சரிங்களா?"

"ஸ்டிக்கர் இருந்தாச் சரி."

"சரிங்க ஐயா. நான் எதிர் டீக்கடையில இருக்கேனுங்க."

வீட்டுக்குப் போனால் மனைவி கொதித்துக்கொண்டிருந்தாள். "மத்தியானம் எங்கப்பா விருந்துக்கு வர்றார். நீங்களா சமைக்கப் போறீங்க?"

ஆளவந்தார் திரும்பி ஓடினார். "சின்னக் கேட்டைத் திறக்கறேன், வா."

"தலைவர் போட்ட சட்டத்தை நானே மீறலாமுங்களா?" என்று செங்கமலம் டீயை ஆற்றினாள்.

வேறு வழி? ஆளவந்தாரே ஓட்ட, அந்தப் புதுக் கார் போய் டீக்கடை வாசலில் நின்றது. பின்சீட்டில் அவள் ஏறினாள். வாட்ச்மேன் பெரிய கேட்டைத் திறந்து சல்யூட் அடித்தான்.

அன்றுதான் தெருவே அந்தக் காரைத் திரும்பிப் பார்த்தது. பார்த்து, பின்சீட்டுக்கு வணக்கம் வைத்தது.

இறங்கும்போது செங்கமலம் பணிவாகச் சொன்னாள்: "நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துருங்க ஐயா."