நண்டு அடக்கிய பேச்சு

நண்டுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், புன்னைத்துறை என்ற கடற்கரை ஊரில் அதைவிடப் பெரிய வாயாடி கிடையாது. கொக்கும் பேசும், கடற்காகமும் பேசும், ஆமைகூட ஆற அமர நாலு வார்த்தை பேசும். ஆனால் நண்டு இருக்கிறதே, அப்பப்பா! விடிந்ததும் வளையை விட்டு வெளியே வந்தால் பொழுது சாயும்வரை வாய் மூடாது. யார் வலையில் என்ன மீன் விழுந்தது, எந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அதற்குத் தெரியும். மனிதர்களைப் போல இந்த உயிர்களுக்குப் பொய் சொல்லவும் வராது. அதனால் ஊரில் ஏதாவது வழக்கு என்றால் நேரே நண்டைத்தான் வந்து கேட்பார்கள்.

நண்டுக்கு ஒரே ஒரு மனக்குறை. "உன்கிட்ட மட்டும் சொல்றேன், வெளியே விட்டுடாதே" என்று ஒருவரும் அதனிடம் ஒரு ரகசியம் சொன்னதில்லை. யார் சொல்வார்கள்? அது ஓட்டை வாய் என்று ஊருக்கே தெரியும். அதற்கும் தெரியும். தெரிந்தும் வாய் நிற்காது, என்ன செய்ய?

அந்த ஊரில் வஞ்சி என்று ஒரு பெண். உப்பங்கழிக்கு அக்கரையில் இருந்த கொற்றனுக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போயிற்று. நண்டின் கண்ணுக்குக்கூடப் படாமல் தாழம்புதர் மறைவில் வந்து நிற்பான், அவளோடு இரண்டு வார்த்தை பேசுவான், போய்விடுவான். "பெண் கேட்டு எப்ப வருவே?" என்று வஞ்சியின் தோழி சாத்தி கேட்டால், "வர்றேன், வர்றேன்" என்பான். அந்த 'வர்றேன்' நாலு மாசமாக வந்துகொண்டே இருந்தது. அதற்குள் வஞ்சியின் அண்ணன் ஆதனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. தங்கையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினான். எங்கோ தொலைவிலிருக்கும் உப்பு வியாபாரி ஒருவனுக்கு அவளைப் பேசியும் முடித்துவிட்டான். நாளை மறுநாள் பரிசம். "வந்து போறவன் எவன்னு மட்டும் தெரியட்டும், கையைக் காலை முறிச்சுக் கடல்ல போடறேன்" என்று கரையெல்லாம் சொல்லித் திரிந்தான்.

இது ஒன்றும் தெரியாத கொற்றன் வழக்கம்போல் அன்றைக்கும் தாழைக்குப் பின்னால் வந்து நின்றான். இந்தப் பக்கம் பத்தடியில் சாத்தி மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே ஆதன் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். சாத்தி கொற்றனைப் பார்த்துவிட்டாள். அவனிடம் ஒரு வார்த்தை பேசினால் அவன் உயிர் போகும். பேசாவிட்டால் வஞ்சியின் வாழ்க்கை போகும்.

நம்ம நண்டு அவள் காலடியில் உட்கார்ந்து ஏதோ ஊர்க்கதை அளந்துகொண்டிருந்தது. சாத்தி சட்டென்று அதன் பக்கம் திரும்பினாள்.

"ஏ நண்டே! நீயெல்லாம் ஒரு ஆளா? ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்து எட்டிப் பார்க்கறதும், சத்தம் கேட்டா ஓடறதும், இதே பிழைப்பா? நாளை மறுநாள் வேற ஒருத்தன் வந்து உன் வளைக்குச் சொந்தம் கொண்டாடப் போறான். ரோஷம் இருந்தா நாளைக்கே சொந்தபந்தத்தைக் கூட்டிக்கிட்டு, பட்டப்பகல்ல, முன்வாசல் வழியா வா. இல்லேன்னா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே!"

நண்டுக்கு வந்ததே கோபம். நானா ஒளிகிறேன்? ஊரே பார்க்கத் திரிகிறவனை இப்படியா பேசுவது? பதில் வாய்வரை வந்துவிட்டது. கண்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தது. ஒரு கண்ணுக்குச் சாத்தியின் ஓரப்பார்வை தாழைப் பக்கம் போவது தெரிந்தது. மற்றக் கண்ணுக்குத் தாழைக்கு அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அட! இந்த ஏச்சு எனக்கில்லை, என்மேல் வைத்து அவனுக்குப் போகிறது என்று நண்டுக்குப் புரிந்துவிட்டது. என்னை நம்பியும் ஒருத்தி ஒன்றை ஒப்படைத்தாளே என்று அதற்கு உள்ளமெல்லாம் பூரித்தது.

ஆதன் தலையை நிமிர்த்தினான். "என்ன புள்ள, நண்டுகிட்ட இத்தனை கோபம்?"

"மீனைக் கடிச்சு வச்சிருக்கு அண்ணே."

அவன் எழுந்து வந்து நண்டைக் கையில் தூக்கினான். "நீ பொய் சொல்ல மாட்டே. சொல்லு, இவ பேசினது உனக்கா, வேற யாருக்காவதா?"

வாயைத் திறந்தால் உண்மைதான் வரும். வேறு வராது. பிறந்ததிலிருந்து மூடாத வாயை நண்டு முதல்முறையாக மூடியது.

"சொல்லப் போறியா இல்லையா?" ஆதன் ஒரு காலைப் பிடித்து முறித்தான். உயிர் போகிற வலி. பேச்சு முட்டிக்கொண்டு வந்தது, நண்டு விழுங்கியது. இன்னொரு காலும் முறிந்தது. விழுங்க விழுங்க அந்தப் பேச்சு உள்ளே கொதித்து, வாயோரம் நுரையாகப் பொங்கியது. நுரைதான் வந்ததே தவிர, ஒரு வார்த்தை வரவில்லை.

"சீ, வெயில்ல கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று ஆதன் அதை மணலில் வீசிவிட்டு வலைக்குத் திரும்பினான். நண்டு தாழைப் பக்கம் பார்த்தது. பாதங்களைக் காணோம்.

மறுநாள் உச்சிப்பொழுதில் ஏழு படகுகள் கரை தொட்டன. கொற்றன் தன் பெரியவர்களோடு முன்வாசல் வழியாகவே வந்து பெண் கேட்டான். "கட்டினா இவரைத்தான் கட்டுவேன்" என்று வஞ்சி உள்ளேயிருந்து ஊர் கேட்கச் சொன்னாள். முறையாகக் கேட்டு வந்தவர்களை ஊரார் பாயில் உட்காரவைத்துவிட்டார்கள். அதற்குமேல் ஆதனும் உப்பு வியாபாரியை விட்டுவிட்டுச் சம்மதித்தான்.

சாத்தி கடற்கரைக்கு ஓடினாள். நண்டை உள்ளங்கையில் ஏந்தினாள். "என் ராசா, இனிப் பேசலாம். நேத்து உன்னை அத்தனை ஏசினேனே, திரும்ப ஏசு!"

நண்டு வாயைத் திறந்தது. நுரைதான் வந்தது. மறுபடி முயன்றது. மறுபடியும் நுரைதான். போன பேச்சு போனதுதான். சாத்தி தேம்பித் தேம்பி அழுதாள். நண்டு அழவில்லை. அவள் கையிலிருந்து இறங்கி, இரண்டு கொடுக்கையும் உயரத் தூக்கிக்கொண்டு, மீதிக் கால்களோடு கல்யாண வீட்டுப் பக்கம் நடந்தது. பக்கவாட்டில்தான் நடந்தது. இருந்தாலும் என்ன ஒரு நடை!

கொக்கு அதைப் பார்த்தது. "ஓட்டை வாயே ஒரு பொண்ணுக்காக வாயை அடக்கிடுச்சு. இனிமே நாம பேசித் திரிஞ்சா நமக்குத்தான் வெட்கம்" என்று மற்ற உயிர்களிடம் சொல்லிவிட்டு, அதுவும் வாயை மூடிக்கொண்டது. ஒவ்வொன்றாக எல்லாமே மூடிக்கொண்டன.

அன்று முதல்தான் நம் பாட்டுகளில் பெண்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்குச் சொல்ல வேண்டியதை நண்டைப் பார்த்தும் நாரையைப் பார்த்தும் சொல்கிறார்கள். அவை எதுவும் பதில் பேசுவதில்லை. படித்தவர்கள் அதற்கு முன்னிலைப் புறமொழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பெண்களுக்கு அது ஜாடைப் பேச்சு. நீங்கள் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். கடற்கரைக்குப் போனால் மட்டும் நண்டின் வாயைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நுரை இன்னும் பொங்கிக்கொண்டேதான் இருக்கிறது. சாத்தியின் ரகசியம் அதன் வாயிலிருந்து இன்றுவரை வெளியே வரவில்லை.