இன்னும் ஒரு சாண் புடலங்காய்

முன்னொரு காலத்தில் மேலப்பாத்தி என்று ஒரு நாடு இருந்தது. அது எவ்வளவு சின்ன நாடு என்றால், அரண்மனையில் ராஜா தும்மினால் பக்கத்து நாடான கீழப்பாத்தியிலிருந்து “நூறு!” என்று குரல் வரும். ஒழுங்காக உட்கார்ந்து கேளுங்கள். நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவர்களுக்காகக் கதை காத்திருக்காது.

மேலப்பாத்தி ராஜாவின் பெயர் மகுடபூபதி. அவருக்குக் கிரீடம் இருந்தது, செங்கோல் இருந்தது, எதைச் சொன்னாலும் “ஆமாம்” என்று சொல்ல ஆமோதரர் என்று ஒரு மந்திரி இருந்தார். மூளை மட்டும் ராணி செண்பகவடிவிடம் இருந்தது. வீட்டில் யாராவது ஒருவரிடம் இருந்தால் போதாதா?

அரண்மனைக்குப் பின்னால் கல்லும் முள்ளுமாகக் கிடந்த இடத்தை ராணி தன் கையால் கொத்தித் தோட்டமாக்கியிருந்தாள். பாத்தி பாத்தியாகக் கத்திரி, வெண்டை, கொத்தவரை. நடுவில் பெரிய பந்தல் போட்டுப் புடலை. கிணற்றடி வேலியில் இன்னொரு புடலங்கொடி. குட்டைக் காய்தான் காய்க்கும், ஆனால் சளைக்காமல் காய்க்கும். தோட்டத்து மதில்தான் இரண்டு நாட்டுக்கும் எல்லை. ராஜா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. தட்டில் வருவது எங்கே விளைகிறது என்று எந்த ராஜா கேட்டிருக்கிறார்?

மதிலுக்கு அந்தப் பக்கம் கீழப்பாத்தியில் வாழ்க்கைப்பட்டவள் ராஜாவின் தங்கை கோமளாங்கி. தாளிக்கிற வாசனை மதில் தாண்டினால் பின்னாலேயே அவள் வந்துவிடுவாள். அப்படி ஒரு நாள் வந்து சாப்பிட உட்கார்ந்தவள் சும்மா இருந்தாளா?

“அண்ணா, எங்கள் பந்தலில் ஒரு புடலங்காய் தொங்குகிறது. ஆள் உயரம்!”

“பூ, இவ்வளவுதானா? எங்கள் பந்தலில் யானை மேல் ஆள் நிற்கிற உயரம்!” என்றார் ராஜா. புடலங்காயை அவர் தட்டில் வட்டவட்டமாகப் பார்த்ததோடு சரி.

“பந்தயமா?”

“பந்தயம்தான்! வருகிற பௌர்ணமி விருந்தில் அளந்து பார்ப்போம். தோற்றால் எங்கள் தோட்டத்தை நீ எடுத்துக்கொள். உன் யானைக்குக் கொட்டாரம் கட்டிக்கொள்!”

“நான் தோற்றால்?” என்று தானே கேட்ட கோமளாங்கி, “நான்தான் தோற்க மாட்டேனே” என்று தானே பதிலும் சொன்னாள். ராஜாவுக்கு அதுவும் நியாயமாகப் பட்டது. ஆமோதரர் ஆமாம் என்றார்.

ரசம் ஊற்ற வந்த ராணியின் கை அப்படியே நின்றது.

“யார் தோட்டத்தை யார் பந்தயம் வைப்பது?”

“ராஜ வார்த்தை வெளியே போய்விட்டதே, செண்பகம்.”

“போனால் நாலு பேரை அனுப்பிப் பிடித்து இழுத்து வாருங்கள். படை என்று ஒன்றை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?”

போன வார்த்தையைப் பிடிக்கப் படையால் ஆகுமா? மறுநாளே ராஜா தோட்டத்துக்குள் நுழைந்தார். பந்தலைச் சுற்றிக் காவல் போட்டார். “இந்தப் பந்தலில் யாரும் ஒரு காயைப் பறிக்கக் கூடாது!” என்று உத்தரவும் போட்டார். கிணற்றடிக் குட்டைக் கொடியை அவர் சீந்தவே இல்லை.

பந்தலில் பிஞ்சுகளின் நுனியில் ராணி சின்னச் சின்னக் கல்லாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். சுருளாமல் நேராக வளர எல்லா வீட்டிலும் செய்வதுதான். ராஜா அதைப் பார்த்தார். யோசித்தார். அங்கேதான் வந்தது வினை.

“கூழாங்கல்லுக்கே இவ்வளவு நீளம் என்றால், அம்மிக் குழவிக்கு எவ்வளவு நீளும்?”

“ஆமாம்!” என்றார் ஆமோதரர்.

குழவியைக் கட்டினார்கள். பிஞ்சு அறுந்தது. குழவி ஆமோதரரின் கால் கட்டைவிரலில் விழுந்தது. அவர் வலியில் அலறியதுகூட “ஆமாம்!” என்றுதான்.

பிறகு ராஜா கூழாங்கல்லோடு நிறுத்திக்கொண்டு வேறொரு பிஞ்சைப் பிடித்தார். அதற்கு நெட்டையப்பன் என்று பெயர் வைத்தார். வெண்கொற்றக் குடை பிடித்தார். நெட்டையப்பனும் நன்றாகவே வளர்ந்தான்.

வெளுப்புக் கோடுகளோடு தளதளவென்று தொங்கியபோது ராணி வந்து நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தாள்.

“இன்று பறித்தால் கூட்டுக்கு ஆகும்.”

“இன்னும் ஒரு சாண்!” என்றார் ராஜா.

காய் தரையைத் தொட்டது. ராஜா அதன் கீழே குழி வெட்டச் சொன்னார். ராணி வந்து பார்த்தாள்.

“இன்று பறித்தால் சாம்பாருக்காவது ஆகும்.”

“இன்னும் ஒரு சாண்!”

குழி ஆழமாயிற்று. நெட்டையப்பனின் நுனி குழிக்குள்ளே செம்மஞ்சளாகப் பழுக்கத் தொடங்கியது. ஆமோதரர் கயிறு கட்டி இறங்கி, அகத்திக்கீரைச் சாற்றால் அதற்குப் பச்சை பூசிவிட்டு வந்தார். ராணி வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்று பறித்தால் விதைக்காவது ஆகும்.”

“இன்னும் ஒரே ஒரு சாண்!”

இந்தக் கூத்தில் இன்னொன்றும் நடந்தது. பறிக்காத காய்கள் பந்தல் முழுக்க முற்றித் தொங்க, கொடி ‘என் வேலை முடிந்தது’ என்று பூப்பதையே விட்டுவிட்டது. கிணற்றடியில் ராணி தினமும் பறித்தாள். பறிக்கப் பறிக்க அந்தக் குட்டைக் கொடி புதுப் பிஞ்சு விட்டுக்கொண்டே இருந்தது.

பௌர்ணமி வந்தது. மதிலைத் தாண்டினால் கீழப்பாத்தி. ஆனாலும் கோமளாங்கி ஊரைச் சுற்றிக்கொண்டு மேளதாளத்தோடு வந்தாள். அவளுடைய புடலங்காய் வரிசையாகக் கட்டிய பல்லக்குகளின்மேல் படுத்து வந்தது. வாசலில் பல்லக்குத் தூக்கிகள் திரும்பினார்கள். புடலங்காய்க்குத் திரும்பத் தெரியவில்லை. ‘மளுக்’ என்று இரண்டாகிவிட்டது.

“ஒடிந்தாலும் நீளம் நீளம்தான்! இரண்டையும் சேர்த்து அள!” என்றாள் கோமளாங்கி.

“முதலில் எங்கள் நெட்டையப்பனைப் பார்!” என்று ராஜா கைதட்டினார். ஆமோதரர் குழிக்குள் இறங்கிக் காயை மேலே தள்ளினார். நெட்டையப்பன் வெடித்தான். சிவந்த கொழகொழச் சதையும் விதையும் ஆமோதரரின் தாடியெல்லாம் வழிந்தன. முரசடித்தவன் முரசைப் போட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“வெடித்ததையும் சேர்த்து அள!”

“வழிந்ததை எப்படி அளப்பது, அண்ணா?”

“ஒடிந்ததை அளக்கலாம், வழிந்ததை அளக்கக் கூடாதா?”

அண்ணனும் தங்கையும் சின்னப் பிள்ளைகள் மாதிரி முழக்கோலை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இரண்டு நாட்டு மக்களும் வாழை இலையின் முன்னால் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பந்தயக் காயில்தான் விருந்து என்று ராஜா பறைசாற்றியிருந்தாரே! சமையல்காரர் இரண்டிலும் நல்ல இடமாகப் பார்த்து நறுக்கி வேகவைத்தார். நாராகவும் கசப்பாகவும் இருந்ததை வாயில் போட்டவர்கள் விழுங்கவும் முடியாமல், ராஜாவின் எதிரில் துப்பவும் முடியாமல் கன்னம் உப்ப விழித்தார்கள்.

அப்போது ராணி செண்பகவடிவு கிணற்றடிக் கொடியில் காலையில் பறித்த பிஞ்சுகளில் பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுச் செய்த கூட்டை அண்டாவோடு கொண்டுவந்து வைத்தாள். முதல் கரண்டி நாத்தனார் இலையில் விழுந்தது. கோமளாங்கி முழக்கோலைக் கீழே போட்டாள். இரண்டாம் முறை வாங்கினாள். மூன்றாம் முறை கேட்டே வாங்கினாள்.

ராணி கரண்டியும் கையுமாக நின்றபடியே நிதானமாகக் கேட்டாள்.

“கோமளா, ராஜ வார்த்தை ராஜ வார்த்தைதான். ஒடிந்தாலும் உன்னுடையதே நீளம். தோட்டம் உனக்குத்தான். கொட்டாரத்துக்கு நாளைக்கே கொடியைப் பிடுங்கிவிடவா, இல்லை நாளை மறுநாளா?”

கோமளாங்கிக்குக் கூட்டு தொண்டையில் சிக்கிக்கொண்டது.

“பிடுங்குவதா? பிடுங்கினால் நாளைக்கு நான் எதைச் சாப்பிடுவது, அண்ணி? யானைக்கு இடமா இல்லை? அது மரத்தடியிலேயே நிற்கட்டும்! தோட்டம் உங்களிடமே இருக்கட்டும். கூட்டு மட்டும் மதில் வழியாக வந்தால் போதும்.”

“ஆமாம்!” என்றார் தாடியில் விதையோடு ஆமோதரர். ஆயுளில் முதல் தடவையாகச் சரியான இடத்தில் சொன்னார்.

ராணியின் தோட்டம் தப்பியது. அன்று முதல் தினமும் விடிந்ததும் காய் பறிக்கிற வேலை ராஜாவுடையது. கூடையோடு கொடியடியில் நின்று அவர் எப்போதாவது “இன்னும் ஒரு சாண்...” என்று வாயெடுத்தால், ராணி அம்மியடிக்குப் போய்க் குழவியைக் கையில் எடுப்பாள். ராஜா பறித்துவிடுவார்.

கேட்டீர்களா? இதுதான் இந்தக் கதையின் நீதி: பருவத்தில் பறித்துப் பகிர்ந்தால் கொடி மேலும் காய்க்கும், பெருமைக்காகத் தொங்கவிட்டால் காயும் கெடும், கொடியும் ஓயும்.